பிடித்ததில் பிடிக்காத பாதி

"சார், என்னோட பேஷன் எதுன்னே தெரியல. அதைக் கண்டுபிடிச்சுட்டா வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

சென்னைப் புறநகரான நூம்பலில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைச் சொன்னவனுக்கு 24 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சி.என்.சி. ஆபரேட்டர். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, தூங்கப் போகாமல் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தான். நான் அதே எஸ்டேட்டில் 18 வருஷம் டூல் ரூமில் இருந்துவிட்டு, பிறகு பிட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன். அதனால் தெருவில் யாருக்கு வேலைக் குழப்பம் வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.

பேஷன் என்று நம் எழுத்தில் எழுதினால், அவன் சொன்ன சொல்லும் துணிக்கடை போர்டில் இருக்கிற சொல்லும் ஒன்றாகவே தெரியும். ஒருவிதத்தில் அது சரிதான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது அடுத்தவன் போட்டிருக்கிற சட்டையைத்தான். ரீல்ஸில் ஒருவன் மலைமேல் நின்று டிரோன் விடுகிறான். ஒருத்தி வேலையை விட்டுவிட்டு கேக் கடை போட்டிருக்கிறாள். அவர்களுக்கு எதுவோ கிடைத்துவிட்டது, நமக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று ஒரு பதைப்பு.

"உனக்கு எதுதான் பிடிக்கும்?"

"போட்டோகிராபி சார். கல்யாணம் எடுக்கணும். கேமரா பாத்து வெச்சிருக்கேன். தொண்ணூறாயிரம். இ.எம்.ஐ. போட்டா கெடச்சிடும்."

கேமராவைப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு அவனுக்கு அரம் பற்றிச் சொன்னேன். உங்களுக்கும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிட்டர் படிப்பில் சேருகிற பையன் வெல்டிங்கும் மெஷினும் ஓட்டப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வருவான். முதலில் அவன் கையில் கிடைப்பது ஒரு இரும்புத் துண்டும் ஒரு தட்டை அரமும். துண்டை வைஸில் கட்டி, அதன் முகத்தைச் சமதளமாக அராவ வேண்டும். கேட்க எளிது. அரம் முன்னே போகும்போது கை கொஞ்சம் ஆடினாலும் இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மேடாகிவிடும். மூலைமட்டத்தை மேலே வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் கீற்றாகத் தெரியும். "வெளிச்சம் வருது. திரும்ப அராவு." இது ஒரு நாள் பாடம் கிடையாது, வாரக்கணக்கில் போகும். அரத்துப் பற்களில் இரும்புத்தூள் அடைக்காமல் இருக்க சாக்பீஸைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும். முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிற பிள்ளைகள் உண்டு.

நான் பிட்டர் ஆனது பிடித்துப்போய் இல்லை. வேறு டிரேடில் இடம் கிடைக்கவில்லை. முதல் இரண்டு வாரம் அந்த அரத்தை எங்கேயாவது தூக்கி வீசிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் மட்டத்தை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். வெளிச்சம் இல்லை. திருப்பி வைத்துப் பார்த்தேன், குறுக்கே வைத்துப் பார்த்தேன். இல்லை. வாத்தியார் பக்கத்து பெஞ்சில் இருந்தார். அவரிடம் காட்டாமல் இன்னும் நாலு தடவை நானே பார்த்தேன். அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தது. வேலையில் கை கூடியது முதலில், ஆசை வந்தது அதற்குப் பிறகு.

இதை என் ஒருவன் கதை என்று தள்ளிவிட வேண்டாம். பால் ஓகீஃப், கேரல் டுவெக், கிரெகரி வால்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் 2018இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விருப்பம் என்பது ஏற்கெனவே நமக்குள் தயாராக இருக்கிறது, அதைக் கண்டெடுத்தால் போதும் என்று நம்புகிறவர்கள் ஒரு பக்கம்; விருப்பம் வளர்வது, வளர்த்துக்கொள்வது என்று நம்புகிறவர்கள் இன்னொரு பக்கம். மாணவர்களுக்குக் கருந்துளை பற்றி ஒரு சுவாரசியமான காணொளி காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு அந்த விஷயம் பிடித்துப்போனது. அடுத்து அதைப் பற்றியே கடினமான ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். கண்டெடுத்தால் போதும் என்று நம்பியவர்களின் ஆர்வம் மற்றவர்களைவிட அதிகமாகச் சரிந்தது. கஷ்டம் வந்ததும் "அப்போ இது என்னுடையது இல்லை போல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அரத்தைப் போட்டுவிட்டு ஓடுகிற பையனும் மனதுக்குள் இதையேதான் சொல்லிக்கொள்கிறான்.

ஆகவே எது பிடிக்கும் என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி வேறு. அந்த வேலையில் பிடிக்காத பாதி எது? அது தெரியுமா? தெரிந்த பிறகும் செய்வாயா? எந்தத் தொழிலுக்கும் அரம் தேய்க்கிற நாட்கள் உண்டு. சமையலில் அது பாத்திரமும் வெங்காயமும். எழுத்தில் நாலாவது தடவை திருத்தி எழுதுவது. சங்கீதத்தில் சரளி வரிசை. என் வீட்டுப் பரணில் ஒரு கீபோர்டு கிடக்கிறது. சரளி வரிசையைத் தாண்டாமல் நின்றுபோன ஆசை அது. எனக்குப் பாட்டுக் கேட்கப் பிடிக்கும், வாசிக்கப் பழகுவது பிடிக்காது. இரண்டும் வேறு வேறு என்று தெரிந்துகொள்ள ஒரு கீபோர்டு விலை ஆனது. உங்களுக்கு அது இலவசமாகத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

டீக்கடைத் தம்பிக்குக் கல்யாண போட்டோகிராபியின் பிடிக்காத பாதி தெரியவில்லை. நான் சொன்னேன்: "மூணு முகூர்த்தத்துக்கு யாராவது ஒரு போட்டோகிராபர் கூட லைட் பாயா போ. காசு கேக்காத. சாப்பாடு எப்படியும் கெடைக்கும். அவர் என்ன எடுக்கறார்னு பாக்கறதோட நிறுத்திடாத. மண்டபம் காலியான பிறகு என்ன செய்யறார்னு பாரு." மூவாயிரம் படத்தில் கண் மூடியதையும் ஆடிப்போனதையும் கழிப்பது, ஆல்பம் போடுவது, பெண் வீட்டாருக்கு ஒரு திருத்தம் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு திருத்தம், கடைசியில் பாக்கிப் பணத்துக்காக நடையாய் நடப்பது. இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தத் தொழில்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஆசைக்கும் முதல் மாதத்திலேயே பெரிய பணம் போடாதீர்கள். வாங்கியதும் பாதிக் கடமை முடிந்துவிட்ட மாதிரி மனசு ஏமாற்றும். மீதிப் பாதியை இ.எம்.ஐ. எஸ்.எம்.எஸ். நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். இரவல் வாங்குங்கள், வாடகைக்கு எடுங்கள், பழையது வாங்குங்கள். சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டு விலங்குகளைப் படமெடுத்தது பல பாகங்களைத் தானே கோத்து உருவாக்கிய ஒரு கேமராவில். அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று விளையாட்டாகப் பெயரும் வைத்திருந்தார். 1950இல் தி ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி ஒரு பத்தி எழுதத் தொடங்கியவர், 1996 பிப்ரவரியில் இறக்கும்வரை அதை எழுதினார். 46 ஆண்டுகள். அணிலும் காக்கையும் தெரு நாயும்கூட அவருக்கு எழுதுகிற விஷயம்தான். அவர் கையில் இருந்த சொத்து கேமராவைவிட அந்த 46 ஆண்டுகள்தான் என்பேன்.

பயிற்சி வகுப்புகளுக்கும் இதே கணக்கு. ஆறு மாதக் கட்டணத்தை ஒரே தவணையில் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மாதம் மாதம் கட்டுகிற இடமாகப் பாருங்கள். அங்கே இரண்டு வருஷத்துக்கு முன் படித்து முடித்த ஒருவர் இப்போது என்ன செய்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கிற படம் பேசாது. கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு 2022இல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சிகள் இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் அதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் என்றால் அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் உண்டு.

சரி, எவ்வளவு நாள் முயன்று பார்ப்பது? நம்மிடம் ஏற்கெனவே ஒரு அளவு இருக்கிறது: ஒரு மண்டலம். 48 நாள். சித்த மருந்துக்கும் விரதத்துக்கும் வைக்கிற கெடுவை ஆசைக்கும் வையுங்கள். தினம் 40 நிமிடம் போதும். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, அன்றன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரே ஒரு வரி. "நன்றாக இருந்தது", "மோசம்" என்று எழுத வேண்டாம். செய்ததை மட்டும் எழுதுங்கள். விட்டுப்போன நாளுக்குக் கோடு போடுங்கள். காரணம் எழுத ஆரம்பித்தால் நோட்டு முழுக்கக் காரணமாகத்தான் இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தன்னம்பிக்கைப் புத்தகங்கள் எல்லாம் காலை ஐந்து மணிக்கு எழுந்திரு என்கின்றன. நம் பக்கத்தில் பாதி வீடு ஷிப்டில் ஓடுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர்கள் எந்த ஐந்து மணிக்கு எழுவது? வீட்டுக்கு வருவதே ஆறு மணிக்கு. இவர்கள் கடிகாரத்தைப் பிடித்தால் ஒரே வாரத்தில் தோற்றுவிடுவார்கள். கடிகாரத்துக்குப் பதிலாக ஒரு காரியத்தைப் பிடியுங்கள். வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, சாப்பாட்டுக்கு முன் 40 நிமிடம். எந்த ஷிப்டாக இருந்தாலும் குளியல் உண்டு, சாப்பாடு உண்டு. நடுவில் இதைச் செருகிவிடலாம். பிள்ளை குட்டிக்காரர்கள் என்றால் 20 நிமிடம் என்று குறைத்துக்கொள்ளுங்கள், நாளைக் குறைக்க வேண்டாம்.

48 நாள் முடிந்ததும் நோட்டைத் திறந்தால் பதில் தெரியும். 35 வரிக்குமேல் இருந்தால் அடுத்த மண்டலத்துக்குப் போகலாம். 10 வரிதான் இருக்கிறது என்றால் வருத்தப்படாமல் மூடிவையுங்கள். அது ஒரு தோல்வி கிடையாது. 40 பக்க நோட்டு விலையில் ஒரு சந்தேகம் தீர்ந்தது.

ஆனால் ஆரம்பிப்பதைவிட ஒட்டிக்கொண்டு நிற்பதுதான் பெரிய பாடு. அதற்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. போக்குவரத்து வழிவிட்டால் இங்கிருந்து வண்டியில் அரை மணி நேரத்தில் பாடி. அங்கே குடியிருந்த கூட்டுறவு வங்கி ஊழியர் ரமேஷ்பாபு, தன் மகள் வைஷாலி எப்போது பார்த்தாலும் டி.வி.யில் கார்ட்டூன் பார்க்கிறாள் என்று அவளைச் செஸ் பழகச் சேர்த்தார். மகளின் பிறவித் திறமையைக் கண்டுபிடித்துச் சேர்க்கவில்லை, டி.வி.யை அணைக்கத்தான் சேர்த்தார். அக்கா ஆடுவதைப் பார்த்து நாலு வயது சின்னவனான தம்பி பிரக்ஞானந்தாவும் பலகை முன்னால் உட்கார்ந்தான்.

தம்பியின் கதை எல்லாருக்கும் தெரியும். 2016இல் 10 வயதில் சர்வதேச மாஸ்டர், அப்போது உலகிலேயே இளையவர். 2018 ஜூனில் 12 வயது 10 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர். 2023இல் பாகுவில் உலகக் கோப்பை இறுதிப்போட்டி வரை போய் உலகின் முதல்நிலை வீரர் கார்ல்சனை எதிர்த்து ஆடினார். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அக்காவை.

வைஷாலி 2018இல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அதே வருஷம் தம்பி முழு கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார். அந்தப் பட்டத்துக்குப் போட்டிகளில் மூன்று நார்ம், அதாவது தகுதி அளவு, எட்ட வேண்டும், ரேட்டிங்கில் 2500 தொட வேண்டும். அக்கா அங்கே போய்ச் சேர்ந்தது 2023 டிசம்பரில், ஸ்பெயினில் நடந்த ஒரு போட்டியில். நடுவே ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷமும் ஒரே வீட்டில், தன்னைவிடச் சின்னவன் தன்னைவிட முன்னால் போய்க்கொண்டிருக்க, பத்திரிகைகள் "பிரக்ஞானந்தாவின் அக்கா" என்று எழுதிக்கொண்டிருக்க, அதே பலகையில் உட்கார்ந்து ஆட வேண்டும். நம்மில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்போம்? கொனேரு ஹம்பிக்கும் ஹரிகாவுக்கும் அடுத்து இந்தியாவின் மூன்றாவது பெண் கிராண்ட்மாஸ்டர் அவர். அக்கா தம்பி இருவரும் கிராண்ட்மாஸ்டராக இருப்பது உலகத்திலேயே இந்த வீட்டில்தான் முதல் தடவை.

அடுத்த வருஷம் இன்னும் பெரிய பாடம். 2024 ஏப்ரல், டொரன்டோ, உலகப் பட்டத்துக்கு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கிற மகளிர் கேண்டிடேட்ஸ் போட்டி. மொத்தம் 14 சுற்று. நடுவில் வைஷாலி தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றார். ஒன்பது சுற்று முடிந்தபோது கையில் இரண்டரைப் புள்ளி. பட்டம் போய்விட்டது என்பது ஊருக்கே தெரியும். மீதி ஐந்து சுற்றை ஒப்புக்கு ஆடிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஐந்தையும் ஜெயித்தார். ஏழரைப் புள்ளியோடு இரண்டாம் இடத்தை மூன்று பேர் பகிர்ந்துகொண்டார்கள், அதில் ஒருவர் இவர். 2025 ஆகஸ்டில் சொந்த ஊர் சென்னையில் நடந்த போட்டியில் மறுபடியும் அடுக்கடுக்காகத் தோல்வி. அடுத்த மாதமே சாமர்கண்டில் மகளிர் கிராண்ட் சுவிஸ் பட்டத்தை இரண்டாவது தடவையாக வென்றார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை விஷயம் ஒன்று உண்டு. முட்டுச்சந்தில் நிற்கும்போது முடிவெடுக்காதீர்கள். நாலு தோல்விக்குப் பிறகு வருகிற "எனக்கு இது சரிப்படாது" என்ற எண்ணம் களைப்பு பேசுகிற பேச்சு. விடுவதாக இருந்தால் ஒரு நல்ல நாளில், ஏதாவது ஒன்று நன்றாக வந்த நாளில் விடுங்கள். நல்ல நாளிலும் விடத் தோன்றினால் அது உண்மை. என் மாணவர்களிடம் நான் வைத்திருந்த விதி இது: மட்டத்தில் வெளிச்சம் தெரிகிற அன்றைக்கு டிசி கேட்காதே.

வைஷாலிக்கும் பிரக்ஞானந்தாவுக்கும் வீடு எப்படித் துணை நின்றது என்பதும் கவனிக்க வேண்டியது. அம்மா நாகலட்சுமி போட்டிக்குப் போகிற ஊரெல்லாம் ரைஸ் குக்கரும் மசாலாப் பொடியும் தூக்கிக்கொண்டு கூடவே போனார். பிள்ளைக்கு ரசம் சாதம். பெற்றோர்கள் கேட்கிறார்கள், "என் பிள்ளைக்கு எதில் நாட்டம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" கண்டுபிடிக்க வேண்டாம். வாசலில் இரண்டு மூன்று விஷயத்தை வையுங்கள், எதில் அவனாகத் திரும்பிப் போகிறான் என்று பாருங்கள். போனால் சோறு கட்டிக் கொடுங்கள். முதல் கோப்பை வந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு அவனை வருங்கால சாம்பியன் ஆக்காதீர்கள். பிள்ளைக்கு விளையாட்டாக இருந்தது அன்றோடு வீட்டு மானமாக மாறிவிடும்.

அந்த அக்கா தம்பி இருவரையும் பயிற்றுவித்தவர் ஆர்.பி. ரமேஷ். அவரே கிராண்ட்மாஸ்டர், 2002இல் பிரிட்டிஷ் சாம்பியன், 2007இல் காமன்வெல்த் சாம்பியன். ஆடிக்கொண்டே இருந்திருக்கலாம். மனைவி ஆர்த்தியோடு சேர்ந்து 2008இல் செஸ் குருகுலம் தொடங்கி முழுநேரப் பயிற்சியாளர் ஆனார். பலகை அதேதான், அவர் உட்காருகிற நாற்காலி மட்டும் மாறியது. பலபேர் இதை யோசிப்பதே இல்லை. சினிமா பிடிக்கும் என்றால் நடிகன், கிரிக்கெட் பிடிக்கும் என்றால் பேட்ஸ்மேன் என்று ஒரே ஒரு நாற்காலிதான் கண்ணில் படுகிறது. எடிட்டர், சவுண்ட் என்ஜினியர், அம்பயர், பிசியோ, பிட்ச் பார்க்கிறவர் என்று அதே அறையில் இருபது நாற்காலி கிடக்கின்றன. பிடித்த துறையில் இரண்டு வருஷம் முயன்றும் நகரவில்லை என்றால், வெளியே போவதற்கு முன் உள்ளேயே வேறு நாற்காலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி, வேலையை விடுவது. டீக்கடைத் தம்பி சொன்னதன் இரண்டாம் பாதி.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ராமானுஜனை இழுப்பார்கள். கணக்குப் பித்து, மற்ற பாடத்தில் பெயில், உலகப் புகழ். கதையில் நடுவில் இருக்கிற ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள். ராமானுஜன் வேலை தேடி அலைந்தவர். ராமச்சந்திர ராவ் என்பவர் மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரித்தபோது, அதையே நம்பி உட்கார்ந்திருக்க மனமில்லாமல் வேலைக்கு விண்ணப்பம் போட்டவர். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர் ஆனார், மாதம் 30 ரூபாய். அந்த அலுவலகத்தில்தான் நாராயண ஐயர் இருந்தார். அவரும் கணக்கில் தேர்ந்தவர். இருவரும் இரவில் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு 1913 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் ராமானுஜன் தன்னைத் துறைமுக எழுத்தர் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அந்த வருஷம் மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்த பிறகுதான் மேசையை விட்டு எழுந்தார். முப்பதை விட்டது எழுபத்தைந்து வந்த பிறகு. இதைவிடத் தெளிவாக ஒரு நிதி ஆலோசகர் சொல்லிவிட முடியாது.

நம் அளவுக்கு இறக்கிச் சொல்கிறேன். பிடித்த வேலையிலிருந்து சொந்தக்காரரோ நண்பரோ இல்லாத ஒருவர் காசு கொடுத்திருக்க வேண்டும். அதுவும் ஒரு தடவை கொடுத்தவர் இரண்டாம் தடவை தானாக வந்திருக்க வேண்டும். அப்படி வருகிற காசு, வாடகையும் மளிகையும் பள்ளிக் கட்டணமும் சேர்ந்த தொகையில் பாதியையாவது ஆறு மாதம் தொடர்ந்து தொட்டிருக்க வேண்டும். வங்கியில் ஆறு மாதச் செலவு தனியாக இருக்க வேண்டும். நகைக் கடனை இதில் சேர்க்காதீர்கள். அதுவரை சம்பளம்தான் உங்கள் ஆசைக்குப் படியளக்கிற புரவலர். அலுவலகத்தை மட்டமாகப் பேசிக்கொண்டே அங்கே போய்வராதீர்கள். அங்கேயும் ஒரு நாராயண ஐயர் உட்கார்ந்திருக்கலாம்.

அப்படி ஒரு துணை முக்கியம். மிகப் பெரிய ஆளைத் தேடி ஓடாதீர்கள். உங்களுக்கு இரண்டு படி மேலே இருப்பவர் போதும். உங்கள் தப்பு அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும், ஏனென்றால் போன வருஷம்தான் அவர் அதைச் செய்தார். பத்துப் படி மேலே இருப்பவருக்கு உங்கள் கஷ்டமே புரியாது. "பழகினா வந்துடும்" என்பார். கேட்டுக் கேட்டுப் புளித்த வார்த்தை, ஆனாலும் பொய் கிடையாது.

டீக்கடைத் தம்பி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். மூன்று முகூர்த்தத்தில் இரண்டுக்குப் போனான். மூன்றாவதுக்கு நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. குமணன்சாவடி பக்கம் ஒரு மண்டபத்தில் விடிகாலை மூன்று மணியிலிருந்து லைட்டைத் தூக்கிப் பிடித்து நின்றதில் "தோள்பட்டை போச்சு சார்" என்றான். மேடையில் ஆட்களை அதட்டி நிறுத்தி வைத்துப் படமெடுப்பது அவனுக்கு ஒத்துவரவில்லை, கூச்சம். ஆனால் அன்று சாயங்காலம் அந்த போட்டோகிராபரின் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மண்டபத்து மஞ்சள் லைட்டும் வீடியோ லைட்டும் கலந்ததில் மணப்பெண்ணின் முகம் பச்சையாகத் தெரிந்த படங்களை அவர் ஒவ்வொன்றாகச் சரிசெய்ததைப் பார்த்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் மவுஸ் இவன் கைக்கு வந்துவிட்டது. வீட்டுக்குப் போகும்போது மணி பதினொன்று. சாப்பிட மறந்துபோயிருக்கிறான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையில் கலர் பார்க்கிறான். மற்ற நாட்களில் குளித்துவிட்டு, போனில் எடுத்த படங்களை வைத்து 40 நிமிடம் பழகுகிறான். எஸ்டேட் வேலைக்குப் போய்வருகிறான். கேமரா வாங்கவில்லை. போன வாரம் நோட்டைக் காட்டினான். 26 நாளில் 21 வரி, 5 கோடு.